பொதுசனத் தொடர்புத் தொழிலும் பெண்களின் பங்கும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் விழா மேடைகளில் அதிகம் கேட்கப்படாத ஒன்று. பொதுசனத் தொடர்பு என்னும் தொழிலில் ஆண்களும் பெண்களும் எந்நிலையில் இருக்கிறார்கள் என்பதே அது. வைத்தியர், அப்புக்காத்து, ஆசிரியர், இலிகிதர் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். பொதுசனத் தொடர்பு உத்தியோகம் என்றால், "அது என்ன வேலை பிள்ளை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்வது நம் கடன்.

ஒரு வங்கியோ வைத்தியசாலையோ அரசாங்கத் திணைக்களமோ பொதுமக்களின் நம்பிக்கையின்றி நடவாது. தாபனம் சொல்ல விரும்புவதை மக்களுக்கு எடுத்துரைப்பதும், மக்கள் நினைப்பதைத் தாபனத்தாருக்கு உணர்த்துவதும் இத்தொழில். ஆகவே இதில் இரண்டு வகையான வேலைகள் உண்டு. ஒன்று கைவேலை: செய்தி எழுதுவது, பத்திரிகைக்காரரோடு பேசுவது, மலர் பதிப்பிப்பது, கூட்டம் ஒழுங்கு செய்வது. மற்றது ஆலோசனை: முதலாளிமாரின் மேசையில் அமர்ந்து, "இதைச் செய்யாதீர்கள், மக்கள் பொறுக்கமாட்டார்கள்" என்று சொல்வது. முன்னையது இல்லாவிட்டால் தொழில் நடவாது. பின்னையது இல்லாவிட்டால் தொழிலுக்கு மதிப்பில்லை. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால் நாம் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பெண்கள் சிலரே உள்ள ஒரு தொழிலில் அவர்களுக்குச் சமநிலை இல்லை என்றால் அது வியப்பன்று. பெண்களே பெரும்பான்மையோராக உள்ள தொழிலிலும் அவர்கள் கீழ்ப்படியில் நிற்கிறார்கள் என்றால், அதுவே நாம் ஆராய வேண்டியது. பொதுசனத் தொடர்பு அத்தகைய தொழில். இது முதலில் வளர்ந்த நாடு ஐக்கிய அமெரிக்கா, அடுத்து பிரித்தானியா. ஆதலின் அந்நாடுகளின் வரலாற்றையே சான்றாகக் கொள்வோம்.

அமெரிக்காவில் இத்தொழிலின் தந்தை என்று பலராலும் சொல்லப்படுபவர் எட்வேட் பேர்ணேஸ். மனோதத்துவ அறிஞர் புறொயிட்டின் மருமகன் முறையானவர். 1919 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் தம் காரியாலயத்தைத் தொடங்கியபோது, அவர் வேலைக்கு அமர்த்தியவர்களுள் ஒருவர் டோறிஸ் பிளைஷ்மன் என்னும் பெண்மணி. 1913 இல் பார்ணாட் கல்லூரியில் பட்டம் பெற்று, நியூயோர்க் திறிபியூன் பத்திரிகையில் எழுதிப் பழகியவர். 1920 இல், கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த தேசியச் சங்கம் தென்மாநில நகராகிய அற்லாண்டாவில் மாநாடு கூட்டியபோது, அங்கு முன்கூட்டியே சென்று பத்திரிகை வேலைகளைச் செய்தவர் இவரே. பிற இனத்தவர்மீது பகைமை மிகுந்திருந்த காலத்தில் அது துணிச்சலான காரியம்.

1922 இல் பேர்ணேஸும் பிளைஷ்மனும் மணஞ் செய்துகொண்டார்கள். மணமான பின்பும் தம் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை என்று அவ்வம்மையார் உறுதி பூண்டார். மணநாளன்று தங்கிய ஹோட்டலின் பதிவேட்டிலும் அப்பெயரையே எழுதினார். 1925 இல், மணமான பெண்ணொருவருக்கு அவருடைய சொந்தப் பெயரிலேயே அமெரிக்க அரசாங்கம் கடவுச்சீட்டு வழங்கியது. அதைப் பெற்றவர் இவர்.

ஆனால் காரியாலயத்தில் நடந்தது வேறு. தாபனத்தின் பெயர்ப்பலகையில் கணவரின் பெயர் மாத்திரமே இருந்தது. திட்டங்களை வகுப்பதிலும் செய்திகளை எழுதுவதிலும் அம்மையார் சமபங்காளி. பிற்காலத்தில் கணவரே அதனை ஒப்புக்கொண்டார். எனினும், தாபனத்தை நாடி வந்த கம்பனி முதலாளிமாரை அவர் அனேகமாகச் சந்திப்பதில்லை. ஒரு யோசனை பெண்ணிடமிருந்து வந்தது என்று தெரிந்தால், அந்த யோசனையின் நன்மை தீமையை ஆராயாமல், சொன்னவர் பெண் என்பதையே அவர்கள் ஆராய்வார்கள் என்று அவர் கருதினார். கடவுச்சீட்டில் தம் பெயரைக் காத்துக்கொண்டவர், தம் வாழ்நாள் உழைப்பில் அதை இழந்தார். இத்தொழிலின் முதல் அத்தியாயமே இவ்வாறு எழுதப்பட்டது. இவர் 1928 இல் பெண்களுக்கான தொழில்களைப் பற்றி ஒரு நூலைத் தொகுத்து, பொதுசனத் தொடர்பைப் பற்றிய அதிகாரத்தைத் தாமே எழுதிச் சேர்த்தார் என்பதையும் இங்கே நினைவு கூர்வோம். தமக்குக் கிட்டாத இடம் பின்வரும் பெண்களுக்குக் கிட்டட்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்நாட்களில் இத்தொழில் பெண்களைத் தன் ஆலோசகராகக் கொள்ளவில்லை. தன் சந்தையாகக் கொண்டது. 1929 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று நியூயோர்க் ஐந்தாம் அவெனியூவில் சில இளம்பெண்கள் சிகரட் பற்றவைத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். பெண்கள் பொதுவிடத்தில் புகைப்பது இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. அவர்கள் கையிலிருந்தவை சிகரட் அல்ல, 'சுதந்திரத் தீவட்டிகள்' என்று பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது. முன்னின்று நடந்தவர் பேர்ணேஸின் காரியதரிசியான பேர்தா ஹன்ற் என்ற பெண். பின்னின்று பணங் கொடுத்தது ஒரு பெரும் புகையிலைக் கம்பனி. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரிந்ததே. பெண் விடுதலையின் பெயரால் பெண்ணின் நுரையீரல் விற்பனைக்கு வந்தது. தீர்மானம் செய்தவர்கள் ஆண்கள்; வீதியில் நடந்தவர்கள் பெண்கள். வேலைப் பங்கீட்டின் இந்த முறையை நன்றாகக் கவனியுங்கள். பின்வந்த காலத்தில் சிகரட் போயிற்று, முறை போகவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தொழில் சங்கங்களாக ஒழுங்குபெற்றது. அமெரிக்கப் பொதுசனத் தொடர்புச் சங்கம் 1947 இலும், பிரித்தானிய நிறுவகம் 1948 இலும் தோன்றின. போர்க்காலப் பிரசார வேலையிலும் நகரசபை உத்தியோகத்திலும் பழகிய ஆண்களே பெரும்பாலும் அவற்றை நடத்தினார்கள். 1950 இல் மூறியல் பொக்ஸ் என்ற இளம்பெண் நியூயோர்க்கில் மிகப் பெரிய தாபனங்களுள் ஒன்றில் வேலை கேட்டபோது, பெண் எழுத்தாளரை எடுப்பதில்லை என்று மறுத்துவிட்டார்கள். பின்னர் அதே தாபனத்தின் வானொலி, தொலைக்காட்சிப் பிரிவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆறே ஆண்டுகளில், 1956 இல், உபதலைவரானார். அதற்குமேல் உயர இயலாது என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. பெருங் கம்பனித் தலைவர்கள் ஒரு பெண்ணோடு சரிசமமாகப் பழக ஒப்பார்களாம், அதுவே காரணம். 1966 இல் அமெரிக்கப் பெண்களின் தேசிய அமைப்பு உருவானபோது, அதன் செய்தி வேலைகளையெல்லாம் தலைமேற் கொண்டு நடத்தியவர் இந்தப் பொக்ஸ் அம்மையாரே. தொழில் கற்றுக்கொடுத்த வித்தையைத் தொழிலின் அநீதிக்கு எதிராகவே அவர் பயன்படுத்தினார்.

1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அமெரிக்காவில், வேலை கொடுப்பதில் ஆண் பெண் பேதம் காட்டுவதைத் தடை செய்தது. கம்பனிகள் தங்கள் மேல்நிலைகளிற் பெண்களும் உண்டு என்று காட்டவேண்டிய நிலை வந்தது. எங்கே அமர்த்துவது? நிதிப் பகுதியிலா? தொழிற்சாலையின் தலைமையிலா? அவையெல்லாம் அதிகாரம் உள்ள இடங்கள். பொதுசனத் தொடர்புப் பகுதியோ வசதியான இடமாகத் தோன்றியது. பெயர் அழகாயிருக்கும், கட்டளையிடும் உரிமை குறைவாயிருக்கும். 1970 ஆம் ஆண்டளவில் நால்வரில் ஒருவராக இருந்த பெண்கள், 1980 களின் நடுப்பகுதியில் பாதிப்பேராக வளர்ந்தார்கள்.

இதனை 1978 இல் ஒரு வர்த்தகப் பத்திரிகை 'வெல்வெட் கெட்டோ' என்று பெயரிட்டு எழுதியது. கெட்டோ என்பது முன்னாளில் ஐரோப்பிய நகரங்களில் யூதரை ஒதுக்கி வைத்த மதில் சூழ்ந்த பகுதி. உள்ளே வெல்வெட்டு விரித்திருக்கலாம்; மதில் மதில்தான். 1982 இல் கிளென் புறூம் என்ற அறிஞர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஆண்கள் பெரும்பாலும் ஆலோசனை கூறும் நிலையிலும், பெண்கள் பெரும்பாலும் எழுதிக்கொடுக்கும் கைவேலை நிலையிலும் இருப்பதை அது காட்டியது. 1986 இல் சர்வதேச வர்த்தகத் தொடர்பாளர் சங்கம் அதே 'வெல்வெட் கெட்டோ' என்ற பெயருடன் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பெண்கள் கைவேலைப் பகுதியிலேயே தேங்குகிறார்கள், ஒத்த தகுதியிருந்தும் குறைந்த சம்பளம் பெறுகிறார்கள் என்று அது கூறியது. பெண்கள் நிறைந்த ஆசிரியத் தொழில், தாதித் தொழில், நூலகத் தொழில் ஆகியவற்றுக்கு நேர்ந்ததுபோல, இத்தொழிலின் சம்பளமும் மதிப்பும் முழுவதுமாகத் தாழக்கூடும் என்றும் எச்சரித்தது.

இனிப் பிரித்தானியாவின் கணக்கைப் பார்ப்போம். அங்கே 2016 இல் நடந்த தொழிற் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலில் இருந்தோருள் நூற்றுக்கு 64 பேர் பெண்கள். ஆயினும் ஆண்களின் சராசரிச் சம்பளம் பெண்களுடையதைவிட ஆண்டுக்கு 9,111 பவுண் கூடுதலாயிருந்தது. பெண்களுள் இளையோர் அதிகம், பகுதி நேரம் வேலை செய்வோர் அதிகம், ஆதலால் இந்த வித்தியாசம் இயல்பே என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குப் பட்டய நிறுவகத்தார் 2015 இலேயே விடை சொல்லிவிட்டார்கள். சேவைக்காலம், பதவிநிலை, பிள்ளைப்பேறு, பகுதிநேர வேலை ஆகிய எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பின்பும், பெண் என்பதொன்றாலேயே 8,483 பவுண் குறைந்தது என்று கண்டார்கள். அதே முறையில் 2017 இல் அது 5,784 பவுணாக இறங்கியது. குறைக்க முடியும் என்பதற்கும், குறைந்தது போதாது என்பதற்கும் இவ்விரு எண்களே சாட்சி.

அன்பர்களே, இவ்விடத்தில் மூன்று ஆட்சேபங்கள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது: "பெண்கள் இப்போதுதானே வந்தார்கள், காலம் சென்றால் தாமாக மேலேறுவார்கள்." 1986 அறிக்கை வந்தபோதும் இதையே சொன்னார்கள். அன்று இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண் இன்று இளைப்பாறும் வயதைக் கடந்துவிட்டார். ஒரு முழு உத்தியோக வாழ்வு காத்திருந்தும் வராத காலம், இனிக் காத்திருந்தால் மட்டும் வந்துவிடுமா? அமெரிக்கச் சங்கத்துக்குப் பெற்சி பிளாங்க் என்னும் பெண்மணி 1973 இல் தலைவரானார். சங்கம் தோன்றி 26 ஆண்டுகளின் பின் வந்த முதற் பெண் தலைவர். அவர் ஒரு பெரிய தொலைபேசிக் கம்பனியில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்ட பகுதியை நடத்திக் காட்டியவர். அவருடைய சாதனையை நாம் போற்றுகிறோம். ஆனால் ஒரு பெண் உச்சியில் இருப்பது வேறு, உச்சிக்குச் செல்லும் வழி பெண்களுக்குத் திறந்திருப்பது வேறு. 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது: "பெண்கள் இயல்பாகவே இனிமையாகப் பேசுவோர், இந்த வேலை அவர்களுக்கே பொருத்தம்." இது புகழ்ச்சி போலத் தோன்றும். சற்று நின்று பார்த்தால் இதுவும் வெல்வெட்டுத்தான். இனிமையாகப் பேசுவது கைவேலைக்குத் தகுதி என்று கொள்கிறார்கள். முதலாளியின் முகத்துக்கு நேரே "இது தவறு" என்று சொல்வதற்கு அதுவே தகுதிக் குறைவு என்றும் கொள்கிறார்கள். இனிமைக்காக எடுத்து, இனிமையைக் காட்டி நிறுத்திவைப்பது எந்த நியாயம்? சந்தையில் விலைபேசும் நம் தாய்மாரைப் பார்த்தவர் எவரும், பெண்களுக்கு உறுதியாகப் பேசத் தெரியாது என்று சொல்லத் துணியார்.

மூன்றாவது: "ஆண்கள் குறைந்து போகிறார்களே, அதுவும் ஏற்றத்தாழ்வு அல்லவா?" இது நியாயமான கேள்வி. பல நாடுகளில் இத்தொழிலைப் படிப்பிக்கும் வகுப்புகளில் ஆண் மாணவர் சிலரே காணப்படுகிறார்கள். பொதுமக்களில் ஆணும் பெண்ணும் உண்டு; அவர்களோடு தொடர்புகொள்ளும் தொழிலிலும் இருபாலாரும் வேண்டும். ஆண் பிள்ளைகள் வரட்டும், வரவேற்போம். ஆனால் வருகிறவர்கள் எப்படி மேலேறுகிறார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். 1992 இல் கிறிஸ்ரின் வில்லியம்ஸ் என்ற சமூகவியல் அறிஞர், தாதிமார், ஆரம்பப் பள்ளி ஆசிரியர், நூலகர், சமூக சேவையாளர் ஆகிய தொழில்களை ஆராய்ந்தார். பெண்கள் மிகுந்த அத்தொழில்களில் நுழையும் ஆண்கள், தாமே நாடாவிட்டாலும், தலைமைப் பதவிகளை நோக்கித் தள்ளப்படுவதைக் கண்டார். அதனைக் 'கண்ணாடி இயங்குபடி' என்றார். பெண்கள் ஏணியிற் கைவைத்து ஏறுகிறார்கள். ஆண்கள் நின்றபடியே மேலே போகிறார்கள். ஆகவே வாசலில் இருபாலாரின் தொகை சரியாயிருந்தால் மட்டும் போதாது. மாடியிலும் சரியாயிருக்க வேண்டும்.

இது பெண்களின் சம்பளப் பிரச்சினை மாத்திரம் என்று எவரும் கருதவேண்டாம். தொழிலின் உயிர்நிலையையே இது தொடுகிறது. மக்களின் குரலை மேசைக்குக் கொண்டுசெல்வதே பொதுசனத் தொடர்பு என்று முன்னே சொன்னோம். மக்களிற் பாதிப்பேர் பெண்கள். அவர்களோடு நாள்தோறும் பேசி, கடிதம் வாசித்து, முறைப்பாடு கேட்டு, உள்ளதை உள்ளபடி அறிந்தவர் வெளியறையில் இருக்கிறார். தீர்மானம் உள்ளறையில் நடக்கிறது. இடையில் ஒரு கதவு. அந்தக் கதவு மூடியிருக்கும்போது தாபனம் பிழை செய்கிறது. பிழை செய்த பின்னர், அதற்கு நல்ல வார்த்தையில் விளக்கம் எழுதும்படி அந்த வெளியறைப் பெண்ணிடமே தாளைக் கொடுக்கிறது. தடுக்கத் தெரிந்தவரை மெழுகுவதற்கு வைத்துக்கொள்வது புத்தியுள்ள செயலன்று.

பரிகாரம் யாது? நாம் நான்கைச் சொல்வோம்.

ஒன்று, சம்பளத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருதல். பிரித்தானியாவில் 2017 இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி, 250 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தாபனங்கள், ஆண் பெண் சம்பள வித்தியாசத்தை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். மறைவில் வளர்வது வெளிச்சத்தில் வாடும்.

இரண்டு, பிள்ளை வளர்ப்பைத் தாய்க்கு மாத்திரம் உரிய கடமையாகக் கருதாமை. தாயும் தந்தையும் லீவைப் பகிர்ந்துகொள்ளும் உரிமை பிரித்தானியாவில் 2015 இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தால் போதாது. தந்தை அதை எடுத்தால் பரிகசிக்காத சமூகமும் வேண்டும்.

மூன்று, கைவேலையிலிருந்து ஆலோசனைக்குச் செல்லும் வழியை எழுத்தில் வகுத்தல். எத்தனை ஆண்டு, எத்தகைய திறமை, எந்தப் பரீட்சை என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறையும்.

நான்கு, செய்தவருக்குப் பெயர் கொடுத்தல். பிளைஷ்மன் அம்மையாரின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அவருடைய பங்கைத் துலக்கிக் காட்டுவதற்கு அவர் மறைந்த பின்னரும் பல ஆண்டுகள் பிடித்தன. அவர் மறைந்தது 1980 இல். எழுதியவரின் பெயரை எழுதியபொழுதே குறிப்பதற்கு ஒரு வரி போதும்.

இறுதியாக, இங்கே கூடியிருப்போர்க்குச் சில வார்த்தை. சங்கம், மன்றம், பாடசாலை, கூட்டுறவு எதுவாயினும் அதிலும் ஒரு சிறிய பொதுசனத் தொடர்புப் பகுதி உண்டு. அழைப்பிதழ் உண்டு, மலர் உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. எந்தச் சங்கமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் மூன்று. அழைப்பிதழின் வாசகத்தை எழுதியவர் யார்? அதில் யாருடைய பெயர் அச்சாயிற்று? எதை எழுதுவது என்று தீர்மானித்த கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? மூன்றுக்கும் விடை ஒன்றாயிருந்தால் நன்று. வேறு வேறாயிருந்தால், அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் குறைசொல்லுமுன் நம் முற்றத்தைக் கூட்டத் தொடங்கலாம்.

இத்தொழிலை நாடும் தங்கைமாரே, எழுதும் திறமையோடு நின்றுவிடாதீர்கள். கணக்கும் சட்டமும் முகாமையும் கற்றுக்கொள்ளுங்கள். அவை உள்ளறையின் பாஷை. சம்பளம் பேசுவது மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். தம்பிமாரே, இது பெண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். வந்தபின், உங்களுக்கு மாத்திரம் திறக்கும் கதவைக் கண்டால், அருகில் நிற்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். பெரியோர்களே, மகள் என்ன உத்தியோகம் பார்க்கிறாள் என்று கேட்பதோடு நில்லாது, அவள் சொல் அங்கே எடுபடுகிறதா என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவளுக்குப் பெரும் பலம்.